தலைவர் தலையில் விழுந்த ஃபிளாஷ்

இனி ஒரு புள்ளி டச்சப் கிடையாது என்று சொல்லிப் பளிச்சார் சங்கத்து மேஜையில் ஓங்கிக் குத்தியபோது, மேஜை மேலிருந்த டீ கிளாஸ் கவிழ்ந்து, டீ வழிந்து, பொருளாளர் மடியில் இறங்கியது. பொருளாளர் அசையவில்லை. பேச்சு அவ்வளவு சூடாக இருந்தது. டீ ஆறிப்போயிருந்தது.

போட்டோக்காரர்கள் சங்கத்துக்கு அவர் தலைவராகி அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது. தேர்தல் கீர்தல் ஒன்றுமில்லை. பழைய தலைவரால் தனியாக மாடிப்படி ஏற முடியவில்லை, இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவர வேண்டியிருந்தது. அடுத்தபடியாக எல்லாரும் கைகாட்டிய குடைக்காரர், தனக்கு வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்று நழுவிவிட்டார். மிச்சமிருந்தவர்களில் தொண்டை பெரிதாக இருந்தவர் பளிச்சார். ஆக, ஏகமனதாக.

அந்தப் பதவியில் சம்பளம் கிடையாது, தனி அறை கிடையாது. ஒரு ஆணி உண்டு. சங்கத்து ஹாலின் நீளச் சுவரில் முன்னாள் தலைவர்கள் எல்லாரும் கண்ணாடிச் சட்டத்துக்குள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கடைசிப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆணி காலியாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஆணியைப் பார்த்துப் பார்த்துத்தான் பளிச்சார் இத்தனை வருஷம் ஒரு கூட்டம் தவறாமல் வந்து, ஒருவர் பேச்சையும் முடிக்க விடாமல் இருந்திருக்கிறார்.

ஆணி கைக்கு வந்ததும் நிதானம் போய்விட்டது. சுவரில் இருந்தவர்களைக் கை நீட்டிக் காட்டினார். இவர்களில் ஒருத்தருக்காவது கன்னத்தில் ஒரு குழி உண்டா, கண்ணுக்குக் கீழே ஒரு கறுப்பு உண்டா, எல்லாரையும் இஸ்திரி போட்டல்லவா மாட்டியிருக்கிறது என்று கேட்டார். முன்னாள் தலைவர் சுவரில் இருந்த தன் கன்னத்தைப் பார்த்துவிட்டு, கீழே இருந்த தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"என் படம் அப்படி இருக்காது. என் கேமரா, என் ஃபிளாஷ், நேருக்கு நேர் ஒரே அடி. அதுல டச்சப்னு ஒரு புள்ளி இருந்தா, அந்த நிமிஷமே நான் பதவியை விட்டு இறங்கிடறேன். ஃபிளாஷ் பொய் சொல்லாது."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவர் குடைக்காரர். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். நாளை மறுநாள் காலையிலேயே படத்தைத் திறந்துவிடலாம், பூதக்கண்ணாடியோடு வருகிறேன் என்று அவர் சிரித்தபடி சொன்னார். பளிச்சார், வேண்டுமானால் இரண்டு கொண்டு வா என்றார்.

இந்த இரண்டு பேருடைய பட்டப்பெயரையும் சொல்லிவிட வேண்டும். குடைக்காரர் வெயிலில் குடை பிடிக்கிறவர் அல்ல. அவருடைய ஸ்டுடியோவுக்குள் பெரிய வெள்ளைத் துணிக் குடை விரிந்திருக்கும். விளக்கு அதற்குள் எரியும். குடையில் பட்டு மெத்தென்று இறங்கி வருகிற வெளிச்சத்தில்தான் மூஞ்சியை எடுப்பார். பளிச்சார் அதற்கு நேரெதிர். கேமரா உச்சியில் ஃபிளாஷ். ஃபிளாஷுக்கு எதிரில் மூஞ்சி. நடுவில் எதுவும் கிடையாது, இரக்கம் உட்பட. பளிச்சென்று அடிப்பதால் பளிச் சார் என்றார்கள். வாய்க்கு வசதியாகப் பளிச்சார் ஆகிவிட்டது. அது பாராட்டு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஃபிளாஷ் லேசுப்பட்டதல்ல. பழைய சாமான் கடையில் காலையில் பேரம் தொடங்கி, கடைக்காரர் சாப்பிடப் போக முடியாமல், தலையைச் சுற்றிக்கொண்டு வந்து, எடுத்துக்கிட்டுப் போய்யா சாமி என்று கையில் திணித்தது. வாழ்க்கையில் பளிச்சார் ஜெயித்த பெரிய யுத்தம் அதுதான். அந்த ஃபிளாஷின் கழுத்து திரும்பும். கூரையைப் பார்க்க வைக்கலாம், சுவரைப் பார்க்க வைக்கலாம். வெளிச்சம் அங்கே பட்டு, கோபம் தணிந்து, அப்புறம் மூஞ்சிக்கு வரும். ஆனால் ஒருநாளும் அவர் திருப்பியதில்லை. படம் எடுத்துக்க வந்தது மூஞ்சியா கூரையா, கூரை எனக்கு என்ன தரும் என்பது அவர் கட்சி.

ஆகவே அங்கே படம் எடுத்துக்கொண்டவர்களுக்கு நெற்றியில் ஆளுக்கொரு நிலா இருக்கும். மூக்கு நுனியில் ஒரு பல்பு. கண்மணி இரண்டும் சண்டைக்கு வந்தவன் மாதிரி சிவந்திருக்கும். காதுக்குப் பின்னால் சுவரில் கறுப்பாக ஒரு நிழல், கூடப்பிறந்த அண்ணன் எட்டிப் பார்க்கிறது போல. யாராவது முணுமுணுத்தால், ஃபிளாஷ் பொய் சொல்லாது, எண்ணெய் வழியறது உங்க மூஞ்சிதான் என்பார். வந்தவர்கள் கண் கலங்குவதற்குள் உள் அறையிலிருந்து அவர் மனைவி வந்து, நாளைக்கு வாங்க, சரி பண்ணி வைக்கிறேன் என்று அனுப்பிவைப்பாள்.

சரி பண்ணுவது சும்மா இல்லை. உள் அறைக்கு ஜன்னல் கிடையாது. உட்கார ஒரு ஸ்டூல், அதில் முதுகு சாய இடம் கிடையாது. கம்ப்யூட்டரில் மூஞ்சியைப் பெரிதாக்கி, வெளுத்துப்போன இடத்தில் பக்கத்துத் தோலை எடுத்து ஒட்டி, ஒட்டினது தெரியாமல் ஓரத்தைத் தேய்க்க வேண்டும். சிவந்த கண்ணைக் கறுப்பாக்க வேண்டும். வெறும் கறுப்பாக விட்டால் பொம்மைக் கண் ஆகிவிடும், அதற்குள் துளி வெள்ளையை வைத்து உயிர் கொடுக்க வேண்டும். நிழல் அண்ணனைச் சுவரை விட்டுத் துரத்த வேண்டும். ஒரு மூஞ்சிக்கு ஒரு பொழுது போகும். கழுத்து பிடித்துக்கொள்ளும். வாடிக்கைக்காரர்கள் திரும்ப வந்ததெல்லாம் இந்த டச்சப் அக்காவுக்காக. அவள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது, ஒரு குடை வாங்குங்கள், இல்லையென்றால் கேமராவை என்னிடம் கொடுங்கள் என்பதுதான். எதைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான் வரும். நீ தேய்க்கிற வேலையைப் பாரு.

வீடு ஸ்டுடியோவுக்கு மேலேயே. அன்றைக்குச் சாயங்காலம் பளிச்சார் மாடி ஏறி வந்து, தன் பேச்சை முதலிலிருந்து கடைசிவரை மனைவிக்கு நடத்திக் காட்டினார். மேஜைக்குப் பதில் கட்டிலைக் குத்தினார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"டச்சப்பே கிடையாதா?"

"ஒரு புள்ளி கிடையாது."

"நேரா ஃபிளாஷா?"

"நேரா."

"சரிங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படி ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்ட எந்த விஷயமும் அவருக்கு நல்லபடியாக முடிந்ததில்லை. ஆனால் தலைவர்களுக்கு ஞாபகசக்தி குறைவு.

மறுநாள் காலையில் அவள் அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். நேற்று அவ்வளவு கத்தியிருக்கிறீர்கள், தலை சூடேறிக் கிடக்கும் என்று சொல்லி, உள்ளங்கை நிறைய எண்ணெயை ஊற்றி உச்சியில் வைத்துத் தேய்த்தாள். பளிச்சாருக்கு உச்சி என்பது புருவத்துக்குக் கொஞ்சம் மேலே ஆரம்பித்துப் பிடரிவரை போகும். வழியில் முடி குறுக்கிடாது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பதவி வந்தால் வீட்டில்கூட மரியாதை வந்துவிடுகிறது பார் என்று நினைத்துக்கொண்டார்.

கோட்டு ஒன்று வேண்டியிருந்தது. ஸ்டுடியோ கோட்டு ஆணியில் தொங்குகிறதுதான். ஆனால் அக்கம்பக்கத்தில் பாதிப் பேருடைய பாஸ்போர்ட்டில் அந்தக் கோட்டுதான் இருக்கிறது. தலைவர் அதைப் போட்டால் கோட்டைத்தான் எல்லாருக்கும் அடையாளம் தெரியும். நாலு கடை தள்ளியிருந்த இஸ்திரிக்காரரிடம் போய் மல்லுக்கட்டி, யாரோ தேய்க்கப் போட்டிருந்த சாம்பல் நிறக் கோட்டை இரவல் வாங்கி வந்தார். சொந்தக்காரர் மத்தியானம் ரயில் ஏறுகிறார், அதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று நிபந்தனை.

கேமராவைப் பிடிக்க வேறு ஆள் இல்லை. மனைவி கையில் கொடுத்தார். அவள் கைக்கு அது வந்தது அதுதான் முதல் தடவை. கொடுக்கும்போதே ஆயிரம் உத்தரவு. நேராகப் பிடி, கிட்டே வா, ஃபிளாஷைத் தொடாதே, நான் நெஞ்சை நிமிர்த்தியதும் அடி. நிமிர்த்தினார். அடித்தாள்.

இத்தனை வருஷமும் அந்த ஃபிளாஷுக்குப் பின்னாலேயே நின்றவர் அவர். எதிரில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். கண்ணுக்குள் யாரோ கதவை உடைத்துக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. பச்சையும் ஊதாவுமாக வட்டங்கள் மிதந்தன. மனைவி எங்கே, சுவர் எங்கே, ஒன்றும் புலப்படவில்லை. அந்த நேரத்தில் ஒரு துண்டு வந்து அவருடைய தலையையும் மூஞ்சியையும் அழுத்தித் துடைத்துவிட்டுப் போனது. வேர்த்துக் கொட்டுது, அப்படியே இருங்க, இன்னொண்ணு எடுத்து வெச்சுக்கறேன் என்று அவள் குரல் கேட்டது. ஒரே அடி என்று ஊருக்கே சொல்லியிருக்கிறேன், எதற்கு இன்னொன்று என்று அவர் நெஞ்சைத் தளர்த்திவிட்டு, முறைப்பதற்கும் மறந்து, சாதாரண மனுஷனாக வாயைத் திறந்து மூடிய நேரத்தில் எங்கேயோ ஒரு கிளிக் சத்தம். வெளிச்சம் வந்ததா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. வட்டங்களே இன்னும் போகவில்லை.

கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, உள் அறைக்கு வந்தார். திரையில் ஒரு தலை எரிந்துகொண்டிருந்தது.

"யாரு இது?"

"தலைவர்."

குனிந்து பார்த்தார். புருவத்துக்கு மேலே மனித உடம்பே இல்லை, வெறும் வெளிச்சம். மண்டையின் எல்லை எங்கே முடிகிறது, சுவர் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க ஆள் வைக்க வேண்டும். மூக்கு தனியாகப் பிரகாசித்தது. கண் இரண்டும் சிவப்பு சிக்னல். கன்னத்தில் இருந்த ஒவ்வொரு பழைய பருவும் எழுந்து நின்று வருகைப் பதிவு கொடுத்தது. காதுக்குப் பின்னால் கறுப்பு அண்ணன், தம்பியைவிட லட்சணமாக.

இரண்டாவதாக எடுத்தாயே, அதைக் காட்டு என்றார். மனைவி தலையை ஆட்டினாள்.

"அதுல உங்க மாதிரியே இல்லீங்க."

இதைவிடக் கொடுமையாக ஒன்றைப் பார்க்கிற தெம்பு அவருக்கு இல்லை. விட்டுவிட்டார். திரும்ப எடுக்கலாம் என்றால் கோட்டு ரயிலில் போய்க்கொண்டிருந்தது. கோட்டு இல்லாமலே எடுப்போமா என்று கேட்டதற்கு, எடுக்கலாங்க, அதே ஃபிளாஷ், அதே தலை, எத்தனை தடவை அடிச்சாலும் உள்ளதுதானே விழும் என்றாள். பொழுது சாய்ந்தால் சட்டம் போடுகிற கடையை மூடிவிடுவார்கள். நாளைக் காலையில் சங்கத்தில் படத்தைத் திறக்கிறார்கள். குடைக்காரர் பூதக்கண்ணாடியோடு வருகிறார்.

பளிச்சார் எழுந்துபோய் உள் அறைக் கதவைச் சாத்தினார். குரலைப் பாதியாகக் குறைத்தார். நெற்றியில் மட்டும் லேசாக ஒரு தொடு தொட்டால் என்ன என்று கேட்டார்.

அவள் அந்த ஸ்டூலிலேயே, சாய்வு நாற்காலியில் இருக்கிறவள் போலத் தோரணையாக உட்கார்ந்தாள். "ஃபிளாஷ் பொய் சொல்லாதுங்க," என்றாள். "எண்ணெய் வழியறது உங்க மூஞ்சிதான்." அவர் குரலிலேயே சொன்னாள். கையைக்கூட அவர் மாதிரியே ஆட்டினாள்.

பளிச்சாருக்குச் சுர்ரென்று ஏறியது. என்ன பெரிய வித்தை, தேய்க்கிற வேலைதானே, நகரு, நானே பண்ணிக்கொள்கிறேன் என்றார். அவள் ஸ்டூலை விட்டு எழுந்து, மவுஸ் இங்கே இருக்கு என்று மட்டும் காட்டிவிட்டு, காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போய்விட்டாள்.

வெளுத்த இடத்தில் பக்கத்துத் தோலை ஒட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். பக்கத்தில் எங்கே தோல் இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. நெற்றி முழுக்க எரிந்ததால் கீழே இறங்கித் தாடையிலிருந்து எடுத்தார். தாடையில் இரண்டு நாள் தாடி இருந்தது. அது அப்படியே போய் நெற்றியில் முளைத்தது. முடி இல்லாத தலையில் முடி வந்ததில் ஒரு நிமிஷம் அவருக்கே சந்தோஷம். அப்புறம்தான் அது இருக்கும் இடம் உறைத்தது. மூக்கின் பல்பை அணைக்கப் போனார். பல்பு அணைந்தது, கூடவே மூக்கும் போய்விட்டது. கண்ணைக் கறுப்பாக்கினார். சுவரில் ஆணி அடிக்கத் துளை போட்ட மாதிரி இரண்டு ஓட்டை கிடைத்தது. நிழலைத் துரத்தும்போது வலது காது நிழலோடு கிளம்பிவிட்டது. இவ்வளவுக்கும் முதுகு கூன் போட்டு, கழுத்து ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்து, திரும்பக்கூட முடியவில்லை. இந்த ஸ்டூலில் மனுஷன் உட்காருவானா என்று கத்தினார். கேட்க யாரும் இல்லை. அதில் தினமும் உட்காருகிறவள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் இறங்கி வந்து திரையைப் பார்த்தாள்.

"யாருங்க இது?"

பளிச்சார் கழுத்தைத் தடவிக்கொண்டார். தலைவர் என்று சொல்ல நா எழவில்லை. அவள் ஒரு பொத்தானை அமுக்கி, பழையபடி எரிகிற தலையைத் திரைக்குக் கொண்டுவந்தாள். மூக்கு இல்லாததைப் பார்த்த கண்ணுக்கு அதுவே கொஞ்சம் அழகாகத்தான் தெரிந்தது.

சரி, வேறு வழியில்லை, பேரம்தான் என்று முடிவு கட்டினார். அந்த விஷயத்தில் அவரை அடிக்க ஆள் கிடையாது. காய்கறி தொடங்கிக் கேமரா வரைக்கும் சொன்ன விலைக்கு எதையும் வாங்கியவர் இல்லை. ஸ்டூலை அவளிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன வேணும், சொல்லித் தொலை."

"எந்த இடத்துக்குங்க?"

"இடமா?"

"நெத்தி ஒரு வேலை, மூக்கு ஒரு வேலை. கண்ணு தனி, நிழல் தனி. எல்லாத்தையும் ஒண்ணா கட்டித் தர முடியாதுங்க."

"நெத்திக்கு என்ன?"

"ஒரு குடை. விளக்கோட."

சரக்கை மட்டம் தட்டுவதுதான் பேரத்தில் முதல் படி. "மூணு விரல் இடத்துக்கு ஒரு முழுக் குடையா?"

"மூணு விரலா? பிடரிவரைக்கும் போகுதுங்க. வேணும்னா ஸ்கேல் தரேன்."

ஸ்கேல் வேண்டாம் என்றார். பழைய குடையாகப் பார்த்து வாங்கித் தருகிறேன் என்றார். பழைய குடை வந்தால் பழைய நெற்றிதான் கிடைக்கும் என்றாள். புதுக் குடைக்கு ஒத்துக்கொண்டார்.

மூக்குக்கு அவள் கேட்டது சாய்ந்து உட்காருகிற நாற்காலி. இங்கே அவர் இரண்டாவது படியைப் பிடித்தார். வேண்டாத பொருளை ஒதுக்கி வைப்பது. மூக்கை விட்டுடு, அது அப்படியே இருக்கட்டும் என்றார்.

"இருக்கட்டுங்க. நெத்தி அணைஞ்சதும் மூக்கு மட்டும் தனியா எரியும். கடைசி வரிசைல இருக்கறவங்களுக்கும் நல்லா தெரியும்."

அவர் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கழுத்துச் சுளுக்கு ஞாபகம் வந்தது. நாற்காலி நியாயம்தான் என்று அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது.

கண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. இதில் இறங்கக் கூடாது என்று அவர் பல்லைக் கடித்தார். "அரை நாள் தரேன்."

"அரை நாள்னா ஒரு கண்ணுதாங்க கறுப்பாகும்."

ஒரு கண் சிவப்பும் ஒரு கண் கறுப்புமாகச் சுவரில் தொங்குகிற தலைவரை அவர் மனசுக்குள் பார்த்தார். முழு நாளும் போயிற்று.

"நிழலுக்கு?"

"கேமரா," என்றாள். "இனிமே மூஞ்சி எடுக்கறது நான். நீங்க வர்றவங்களை உட்கார வெச்சு, கோட்டு மாட்டி விடுங்க."

பளிச்சார் தன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். கடையை விட்டு இறங்கி நடப்பது. இதற்கு இதுவரை மசியாத கடைக்காரர் கிடையாது. வாசல் தாண்டுவதற்குள் பின்னால் குரல் வரும், சார், சார், வாங்க, கொஞ்சம் குறைச்சுக்கலாம் என்று. பளிச்சார் வேண்டாம் என்று கையை உதறிவிட்டு வெளியே நடந்தார். வாசலில் மெதுவானார். குரல் வரவில்லை. தெருவில் இறங்கினார். காதைப் பின்னால் வைத்துக்கொண்டே நடந்தார். ம்ஹூம். இஸ்திரிக்கடை வரை போய் நின்றார். இஸ்திரிக்காரர் கோட்டு பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றார். தெருக்கோடியில் சட்டக் கடைக்காரர் வெளியே வைத்திருந்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

பளிச்சார் திரும்பி வந்தார். தான் மறந்து வைத்துவிட்டுப் போன எதையோ எடுக்க வந்தவர் மாதிரி அறையைச் சுற்றிப் பார்த்தார். நிழல் இருந்துட்டுப் போகட்டும் என்றார்.

"இருக்கட்டுங்க. அண்ணன் தம்பி ரெண்டு பேருமே தலைவராயிடுங்க."

கேமராவும் போயிற்று.

ஒரே ஒரு விஷயத்தில் அவர் உறுதியாக நின்றார். செய்தது வெளியே தெரியக் கூடாது, தெரிந்தால் தலைவர் பதவி போய்விடும், ஆணி போய்விடும், தெருவில் தலைகாட்ட முடியாது என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

"பூதக்கண்ணாடி என்ன, டெலஸ்கோப் வெச்சுப் பார்த்தாலும் ஒரு புள்ளி டச்சப் கண்டுபிடிக்க முடியாதுங்க. அதுக்கு நான் பொறுப்பு," என்றாள். "போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க."

அவர் டீ குடித்துவிட்டு வந்தபோது படம் அச்சாகி, ஈரம் காய்ந்து தயாராக இருந்தது. பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். மண்டை மண்டையாக இருந்தது. நெற்றியில் மெல்லிய ஒரு மினுமினுப்பு, நல்ல மரச்சாமானில் இருக்குமே, அந்த மாதிரி. மூக்கு அதன் இடத்தில் அடக்கமாக இருந்தது. கண்ணில் உயிர் இருந்தது. முகத்தில் முறைப்பே இல்லை. யாரிடமோ நியாயம் கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு நல்ல மனுஷன். மற்றவர்கள் மூஞ்சிக்கு ஒரு பொழுது எடுத்துக்கொள்கிறவள் தன் மூஞ்சியை ஒரு டீ நேரத்தில் முடித்துவிட்டாளே என்று அவர் உருகிப்போனார். அன்பு இருந்தால் கை வேகமாக ஓடும்போல என்று நினைத்துக்கொண்டு சட்டக் கடைக்கு ஓடினார்.

மறுநாள் சங்கத்தில் படத்தை மூடியிருந்த துணியை முன்னாள் தலைவர் இழுத்ததும் ஹாலில் ஒரு ஆ என்ற சத்தம் எழுந்தது. குடைக்காரர் பேசாமல் ஒரு நாற்காலியைப் போட்டு ஏறினார். பூதக்கண்ணாடியை எடுத்தார். நெற்றியில் ஆரம்பித்தார். பிடரி திரும்பும் இடம்வரை போனார். மூக்கைச் சுற்றி வந்தார். காதோரச் சுவரை முகர்ந்தே பார்த்தார். பளிச்சாருக்குத் தன் நேற்றைய கைவேலை ஞாபகம் வந்தது. தாடித் தோல் எங்கேயாவது நெற்றியில் ஒட்டியிருந்தால் என்ன செய்வது என்று நினைத்து நினைத்து, அவருடைய கை தன்னையறியாமல் தாடையைப் பொத்திக்கொண்டது.

குடைக்காரர் இறங்கினார்.

"ஒட்டின தடம் இல்லை. தேய்ச்ச தடம் இல்லை. டச்சப் ஒரு புள்ளி கிடையாது."

ஹால் அதிர்ந்தது. பளிச்சாருக்கு உயிர் வந்தது. அந்த உயிர் கால்வரை போய்ச் சேருவதற்குள் குடைக்காரர் கையை உயர்த்தினார்.

"ஆனா இது நேரா அடிச்ச ஃபிளாஷும் இல்லை. கண்ணுக்குள்ள பாருங்க, வெளிச்சப் புள்ளி மேல இருக்கு. கூரைல பட்டு இறங்கின வெளிச்சம். தலைவரே, கடைசியா அந்த ஃபிளாஷ் கழுத்தைத் திருப்பிட்டீங்க, இல்லையா?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். மனைவி அவ்வளவு கெட்டிக்காரி, கண்ணுக்குள்ளேகூடக் கூரை வெளிச்சத்தை வரைந்திருக்கிறாள் என்று பளிச்சார் உள்ளுக்குள் பதறினார். திருப்பவில்லை, அது நேர் ஃபிளாஷ்தான் என்று சொன்னால், அப்புறம் இந்த மண்டை எப்படி அணைந்தது என்று கேட்பார்கள். டச்சப் என்று ஒத்துக்கொண்டால் ஆணி போய்விடும். தொண்டையைக் கனைத்தார். சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து அந்த ஹாலில் அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசியதில்லை.

"ஆமா. திருப்பிட்டேன்."

குடைக்காரர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். யார் எடுத்தது என்று யாரோ கேட்டார்கள். வீட்டுலதான் என்றார். அதற்கும் கைதட்டினார்கள். பொருளாளர் மட்டும் டீ கிளாஸை மடியைவிட்டு எட்டவே வைத்திருந்தார்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் ஒவ்வொன்றாக உறைத்தது. பூதக்கண்ணாடிக்கே அகப்படாத டச்சப் ஒன்று உலகத்தில் உண்டா? ஒரு டீ நேரத்தில் அது முடியுமா? அந்தப் படத்தில் தன் நெஞ்சு ஏன் நிமிரவில்லை? எங்கேயோ கேட்ட கிளிக், தலையைத் துடைத்துவிட்டுப் போன துண்டு, உங்க மாதிரியே இல்லீங்க. இஸ்திரிக்கடை தாண்டும்போது அவர் ஏறக்குறைய ஓடிக்கொண்டிருந்தார்.

அவர் சங்கத்தில் இருந்த நேரத்தில் அவளே போய் வாங்கி வந்த புது வெள்ளைக் குடை ஸ்டுடியோவுக்குள் விரிந்து நின்றது. மனைவி புதுச் சாய்வு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கேமராவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டினது ரெண்டாவது படம்தானே?"

"ஆமாங்க."

"ஃபிளாஷைக் கூரைக்குத் திருப்பிட்டே."

"நீங்க கண்ணைக் கசக்கிட்டு இருந்தீங்க. தொந்தரவு பண்ண வேணாம்னு நானே திருப்பிட்டேன்."

"டச்சப்பே பண்ணல."

"ஒரு புள்ளி கிடையாது. நீங்கதானே சொன்னீங்க."

"அந்த எண்ணெய்?"

"சூடு தணியத்தான்."

பளிச்சார் குடையைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பேரம் பேசியே வளர்ந்த உடம்பு கொதித்தது. "அப்ப நான் குடையும் நாற்காலியும் ஞாயித்துக்கிழமையும் கேமராவும் குடுத்தது, நீ பண்ணாத வேலைக்கா?"

"பண்ணாத வேலைக்கு இல்லீங்க. மாட்டாத படத்துக்கு."

அவர் நிமிர்ந்தார். இது மோசடி, இந்தப் பேரம் செல்லாது, கேமராவை இப்படிக் கொடு என்று கையை நீட்டினார். அவள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. கேமராவை மடியிலேயே வைத்துக்கொண்டு, உள் அறைக் கதவைக் காலால் மெதுவாகத் தள்ளினாள். திரையில் அந்தத் தலை இன்னும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. இப்போது இன்னும் பெரிதாக.

நீட்டிய கை தானாகவே இறங்கியது. "அதை இன்னும் அழிக்கலையா?"

"அழிக்கறதுக்கு நாம இன்னும் பேசவே இல்லையே," என்றாள்.

பளிச்சார் வாசலைப் பார்த்தார். இறங்கி நடக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு முதுகு சாயாத அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு தலைவர் உட்கார்ந்தார்.

"சரி," என்றார், "நெத்திலேர்ந்து ஆரம்பி."